மேசையில் விட்ட புத்தகங்கள்

15 செப்டெம்பர் 1992, செவ்வாய்

இன்று மீன் குழம்பு உப்புக் கரித்துவிட்டது. காரணம் கணக்கு. அடுப்பில் சட்டியை வைத்துவிட்டுப் பின்னங்களைப் பெருக்கிக்கொண்டு நின்றேன். உப்பு இரண்டு தரம் விழுந்திருக்கிறது. இவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "கணக்குச் சரிவந்ததோ?" என்று கேட்டார். "ஓம், வந்தது" என்றேன். "அப்ப குழம்பு பிழைச்சாப் பரவாயில்லை" என்று மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார். இருபத்தெட்டு வருஷமாக இந்த மனிசனின் வாயை அடக்க எனக்கு ஏலவில்லை.

லிண்டன் வீதி நூலகத்தில் மேல்மாடி அறை இன்று மறுபடி தொடங்கியது. கிழமையில் நாலு நாள் திறப்பு: செவ்வாய், புதன், வியாழன் பின்னேரம், சனி காலை. வகுப்பு என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். வரவு பதிய இடாப்பு இல்லை, மணி அடிப்பதில்லை. அலுமாரியில் நாற்பது பாடப்பொதிகள் இருக்கின்றன. கணிதம், ஆங்கிலம், தட்டச்சு, கணினி, மின்சார வேலை என்று ஒவ்வொன்றுக்கும் பொதி. வேண்டியதை எடுத்து மேசையில் இருந்து படிக்கலாம். விளங்காவிட்டால் செவ்வாயும் வியாழனும் மூலையில் டெஸ்மண்ட் இருப்பார். கயானாவில் பள்ளிக்கூட வாத்தியார், இங்கே பஸ் டிப்போவில் வேலை. என் பெயரை முழுதாகச் சொல்பவர் இந்த நாட்டில் அவர் ஒருவர்தான். கனகாம்பிகை. ஒரு எழுத்தையும் விழுங்கமாட்டார்.

போன வருஷம் அந்த அறையில் படித்துத்தான் ஆங்கிலத்தில் 'சி' எடுத்தேன். இந்த வருஷம் கணிதம். நான் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு பரிமாறும் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார்: கணிதத்திலும் 'சி' இருந்தால் வகுப்பு உதவியாளர் பயிற்சிக்கு என்னை அனுப்புவார். யூன் மாதம் பரீட்சை. பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதும் அதே பரீட்சைதான். எனக்கு நாற்பத்தொன்பது. எட்டாம் வகுப்போடு நின்றவள். பார்ப்போம்.

22 செப்டெம்பர், செவ்வாய்

மேல்மாடியில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்ன அட்டை நிற்கிறது: 'வாசித்தவற்றை அலுமாரியில் திருப்பி வைக்கவேண்டாம். மேசையிலேயே விட்டுச் செல்லுங்கள்.' என்ன மரியாதையான சனம்! விருந்துக்குப் போனால் வீட்டுக்காரியும் இப்படித்தான், "சாப்பிட்ட கோப்பையை அப்படியே வையுங்கோ, நான் கழுவுவன்" என்பாள். அதைக் கேட்டு உண்மையாகவே வைத்துவிட்டு எழும்பிப் போகிறவளை நாங்கள் என்ன சொல்வோம்?

நான் படித்து முடிந்ததும் எல்லாவற்றையும் அததன் இடத்தில் வைக்கிறேன். பொதிகளை ஒன்று தொடக்கம் நாற்பது வரை வரிசையாக அடுக்குகிறேன். மேல்மாடியில்தான் தமிழ்ப் புத்தக அலுமாரியும் இருக்கிறது. அதையும் விடுவதில்லை.

13 ஒக்டோபர், செவ்வாய்

இன்று குலசேகரத்துக்கு என்னிடம் நல்ல பேச்சு விழுந்தது. எங்கள் தெருவில் பதினாலாம் இலக்க வீட்டில் எட்டு இளந்தாரிகள் இருக்கிறார்கள்; அகதி வழக்கு முடியாத பிள்ளைகள். அதில் இவன் மூத்தவன், மின்சாரப் பொதி படிக்கிறான். படித்துவிட்டு, விரித்தது விரித்தபடி கிடக்க எழும்பிப் போகிறான்.

"தம்பி, உதென்ன, மாட்டுக்கொட்டிலோ?"

"இல்லை அன்ரி, மேசையிலை விடச்சொல்லி அட்டையிலை போட்டிருக்கு."

"அவை மரியாதைக்கு எழுதுவினம். நாங்கள் மரியாதைக்கு அடுக்கவேணும். நாளைக்கு, உந்தத் தமிழ்ச் சனம் ஊத்தைச் சனம் எண்டு சொன்னால் ஆருக்கு வெக்கம்?"

அவன் திரும்பி வந்து அடுக்கினான். பிறகு எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவைத்தேன். வத்சலா உடனே தலையாட்டினாள். மதராஸ் பக்கம், டொக்டரின் மனைவி, பி.காம். படித்தவள், இங்கே கணினிப் பொதியில் இருக்கிறாள். "ஆமாக்கா, நம்ம வீட்ல இப்படிப் போட்டா அம்மா கையை ஒடைச்சிருப்பாங்க" என்றாள்.

பதினாலாம் வீட்டுப் பிள்ளைகளிடம் இன்னொரு விஷயத்தில் எனக்குக் குறை இல்லை. அவர்களில் ஒருவருக்கும் நூலக அட்டை கிடையாது. தமிழ்ப் புத்தகங்களை என் அட்டையில்தான் எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு புத்தகம் எட்டுக் கை மாறி, மூன்றாம் கிழமை திகதி தவறாமல், ஒரு தாள் மடங்காமல் திரும்பி வரும்.

20 ஒக்டோபர், செவ்வாய்

நல்ல காலம் நான் முந்திக்கொண்டேன்! இந்தக் கிழமை முழுக்க, நூலகத்தை நடத்தும் கவுன்சிலிலிருந்து ஒரு பெடியன் கையில் பலகையும் தாளுமாக மேல்மாடிக்கு வருவானாம். நாங்கள் புறப்படுகிற நேரம் பார்த்து வந்து மேசை மேசையாகப் பார்த்து எழுதுவானாம். துப்புரவு பார்க்கிறார்கள் போலிருக்கிறது. நானும் வத்சலாவும் பத்து நிமிஷம் முன்னதாகவே எழும்பி எல்லாப் பொதிகளையும் வாங்கி அடுக்கிவிட்டோம். வீட்டிலிருந்து ஒரு துணியும் கொண்டுபோயிருந்தேன். மேசைகள் கண்ணாடி மாதிரி மின்னின. பெடியன் சுற்றிப் பார்த்தான். எழுத ஒன்றும் இருக்கவில்லை. வியாழனும் சனியும் இதே மாதிரிச் செய்யவேண்டும்.

10 நவம்பர், செவ்வாய்

சமன்பாடு. ஒரு பக்கம் கூட்டினால் மறுபக்கமும் கூட்டவேண்டும். மாமியார் இரண்டு மருமக்களுக்கும் ஒரே மாதிரிச் சேலை வாங்குவது போல. அப்படி நினைத்ததும் விளங்கிவிட்டது. டெஸ்மண்டிடம் சொன்னேன், சிரித்துவிட்டு, இதை அடுத்த முறை தானும் சொல்லித் தரப் போவதாகச் சொன்னார். ஒன்பது கணக்கில் எட்டுச் சரி.

1 டிசெம்பர், செவ்வாய்

படிக்கட்டில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. மார்ச் மாத முடிவோடு மேல்மாடி அறை மூடப்படும். பாவனை போதாது, அதாவது வந்து வாசிக்கிறவர்கள் குறைவாம். பாடப்பொதிகளும் தமிழ் அலுமாரியும் 'பாவனை உள்ள வேறு இடங்களுக்கு' அனுப்பப்படும். மார்ச்! எனக்கு யூனில் பரீட்சை.

நூலகப் பொறுப்பாளர் ஐலீன் கீழே புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். சண்டைக்குத்தான் போனேன். "பாவனை போதாது என்று எந்தக் குருடன் சொன்னது? செவ்வாயில் மட்டும் நாங்கள் பத்தொன்பது பேர்!" என்றேன். அவள் பாவம், கண் சிவந்திருந்தது. ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். ஒக்டோபர் மாதம் ஒரு கிழமை எண்ணினார்களாம். மேல்மாடி முழுவதற்கும் மொத்தம் பதினொன்று.

"எதை எண்ணினார்கள்?"

"மேசையில் விட்டுப்போன புத்தகங்களை, பொதிகளை. யாரும் இரவல் எடுக்காமல் அங்கேயே இருந்து படித்தால் எங்களுக்குத் தெரிய வேறு வழியில்லை. அதற்காகத்தான் அந்த அட்டையை வைத்தோம், கனகா. மேசைகள் ஏன் வெறுமையாகக் கிடந்தன என்று எனக்கும் விளங்கவில்லை."

பதினொன்றும் எந்த நாள் என்று பார்த்தேன். புதன். நான் போகாத நாள்.

நான்தான். வேறை ஒருத்தருமில்லை, நான்தான். துணி கொண்டுபோய்த் துடைச்சு, பத்தொன்பது பேரையும் இல்லாமல் ஆக்கினனான். அந்தப் பெடியன் குலசேகரம் சரியாத்தானே செய்தவன், அவனையும் கூப்பிட்டுவைச்சுப் பேசி— ஐலீனிடம் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2 டிசெம்பர்

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு இரண்டு தரம் பட்டாணி போட்டேன். அடுத்த பிள்ளைக்குப் போடவில்லை.

4 டிசெம்பர், வெள்ளி

இவர் பெற்றோல் ஸ்ரேஷன் ஷிப்ட் முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"ஆருக்குத் தெரியும் உது?"

"ஒருத்தருக்கும் தெரியாது. ஐலீனுக்கும் நான் சொல்லேல்லை. பேசாமல் இருந்தால் என்ன?"

"இருக்கலாம். அறையை மூடுவினம், நீர் பேசாமல் இருக்கலாம்." தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "பிழை விட்ட ஆள் நீரெண்டால் திருத்திற வழியும் உமக்குத்தான் முதல் தெரியும். போய்ச் சொல்லும்" என்றார்.

வாயாடிதான். ஆனால் சில வேளை சரியாகப் பேசுகிறார்.

8 டிசெம்பர், செவ்வாய்

சொல்லிவிட்டேன். ஐலீனையும் மேலே கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால் நின்று, முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில். அட்டையை நான் உபசாரம் என்று நினைத்ததையும், எல்லாரையும் அடுக்கப் பண்ணியதையும், துணி கொண்டு வந்ததையும் சொன்னேன். துணியைச் சொல்லும்போது எனக்கே கூசியது.

டெஸ்மண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வத்சலா, "நானும்தானே அடுக்கினேன்" என்று எழும்பி என் பக்கத்தில் வந்து நின்றாள். குலசேகரம் சொல்லியிருக்கலாம், 'நான் அண்டைக்கே சொன்னனான் அன்ரி' என்று. அவனுக்கு உரிமை இருந்தது. அவன் வாய் திறக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது அதற்குத்தான்.

ஐலீன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு இருந்துகொண்டாள். பிறகு கடகடவென்று சொன்னாள். முடிவை உறுதிப்படுத்தும் குழு மார்ச் ஒன்பதாம் திகதி கூடுகிறது. எண்ணிக்கை பிழை என்று நாங்கள் கடிதம் எழுதினால், பெப்ரவரியில் இன்னொரு கிழமை எண்ணக் கேட்கலாம். இருநூறுக்கு மேல் வரவேண்டும். புதிதாக நூலக அட்டை எடுப்பவர்களும் சேர்ந்தால் இன்னும் நல்லது. கடிதத்தை வத்சலா தட்டச்சு செய்வதென்று முடிவு. 'தவறு எங்களுடையது' என்று முதல் வரியிலேயே போடச் சொன்னேன்.

20 டிசெம்பர், ஞாயிறு

பதினாலாம் வீட்டுக்குப் போனேன். நூலக அட்டைக்கு எட்டுப் படிவமும் ஒரு பேனையும் கொண்டு போனேன், ஏதோ கலியாண வீட்டுக்கு ஆள் சேர்ப்பது போல. தேத்தண்ணி தந்தார்கள். படிவத்தை ஒருவரும் தொடவில்லை.

"அன்ரி, வாசிக்கிறதுக்கு எவ்வளவு நேரமெண்டாலும் வாறம். மேசையிலை விடுறம். பேரும் விலாசமும் எழுதிக் கையெழுத்து வைக்கிறது மட்டும் ஏலாது" என்றான் குலசேகரம். "உது எங்கை போய்ச் சேருமெண்டு ஆருக்குத் தெரியும்? நான் ஒருக்கால் ஒரு தாளிலை கையெழுத்து வைச்சனான். ஒண்டரை வருஷம் உள்ளுக்கை இருந்தனான்."

என்ன தாள், எங்கே என்று நான் கேட்கவில்லை. அவ்வளவு நாளும் என் அட்டையில் புத்தகம் கேட்டது சோம்பல் என்று நினைத்திருந்தேன். இவர்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்றும் நினைத்திருந்தேன்.

9 ஜனவரி 1993, சனி

ஐலீனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. "அவர்களைச் சும்மா வரச்சொல்" என்றாள். இன்று எட்டுப் பேரும் வந்தார்கள், கடைக்குள் விலை கேட்க வந்தவர்கள் மாதிரி கைகளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு.

ஐலீன் பேச்சு ஒன்றும் வைக்கவில்லை. முகப்பு மேசைக்குப் பின்னால் போய் நீளமான மர இழுப்பறை ஒன்றை முழுதாகக் கழற்றித் தூக்கிவந்து அவர்கள் முன்னால் வைத்தாள். உள்ளே அட்டைகள், எழுத்து வரிசையில். "உங்கள் பெயர் இருக்கப்போகும் இடம் இதுதான்" என்றாள். "இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது. பொலிஸ் வந்து கேட்டாலும் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் நான் காட்டமாட்டேன். பதினேழு வருஷத்தில் ஒருவருக்கும் காட்டவில்லை." நான் அதைத் தமிழில் சொன்னேன். குலசேகரம் குனிந்து இழுப்பறைக்குள் நெடுநேரம் பார்த்தான். எங்கள் தெருத் தபால்காரரின் பெயரும் இருந்தது, அவருடைய மனைவியின் பெயரும்.

"பேனையைத் தாங்கோ அன்ரி" என்றான்.

ஆறு பேர் எழுதினார்கள். இரண்டு பேர் எழுதவில்லை. வற்புறுத்தவில்லை. குலசேகரத்தின் கையெழுத்து எவ்வளவு அழகு! அவனைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. நான் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் இதைவிடப் பெருமைப்பட்டிருக்கமாட்டேன்.

9 பெப்ரவரி, செவ்வாய்

எங்கள் கடிதத்துக்குக் கவுன்சில் சம்மதித்தது; இது எண்ணும் கிழமை. மேசையில் புத்தகத்தை விட்டு எழும்புவது இவ்வளவு கஷ்டமா! கதவு வரை போய் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். என் கணிதப் பொதி வாய் பிளந்தபடி கிடந்தது. வத்சலா பழக்கதோஷத்தில் தன்னுடையதை அலுமாரியில் வைத்துவிட்டு, "ஐயோ!" என்று ஓடிப்போய்த் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தாள். "கை பரபரங்குதுக்கா, என்னால முடியல." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

இன்று 52.

11 பெப்ரவரி, வியாழன்

புதன் 21. இன்று 49. மொத்தம் 122. சனி ஒரு காலைதான் மிச்சம்.

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும். ஏழு மணிக்குத் தமிழ் அலுமாரிப் பக்கம் போனால் ஒரு மேசை நிறையப் புத்தகம். ஒருவரும் இருந்து வாசித்த மேசை அல்ல. பதினாலாம் வீட்டுப் பிள்ளைகளில் இரண்டு பேர் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்தார்கள்.

"அன்ரி, அண்டைக்குப் பொய்யாத்தானே பதினொண்டு வந்தது? இண்டைக்குப் பொய்யா ஒரு முப்பது கூடினால் சரியாப் போகும்" என்றான் ஒருவன்.

ஒரு நிமிஷம் யோசித்தேன். மறைக்கவில்லை, யோசித்தேன். யூன் பரீட்சை கண்ணுக்குள் வந்தது. ஆனால் மார்ச்சில் அந்தக் குழுவுக்கு முன்னால் போய் நிற்கப்போவது நான். "நாங்கள் வாசிச்சது இவ்வளவு எண்டு அங்கை சொல்லேக்கை எனக்கு நாக்குத் தடக்கக் கூடாது, ராசா" என்றேன். முப்பத்திரண்டு புத்தகங்கள். மூன்று பேரும் சேர்ந்து திருப்பி அடுக்கினோம். இந்தக் கிழமை நான் அலுமாரியில் வைத்தவை அவை மட்டும்தான்.

சரியான வேலைதான் செய்தேன். ஆனால் இருநூறைத் தாண்ட இன்னும் எழுபத்தொன்பது வேண்டும்.

13 பெப்ரவரி, சனி

மழை. ஒன்பதரைக்கு வாசலில் நாங்கள் நாலு பேர்.

பத்தரைக்குள் படிக்கட்டில் இடமில்லை! டெஸ்மண்ட் தன் நாளில்லாத நாளிலும் வந்தார், பஸ் டிப்போவிலிருந்து மூன்று சாரதிகளோடு. புதன்கிழமைக்காரர் என்று நான் பெயர் மட்டும் அறிந்திருந்த ஆட்களும் வந்தார்கள்: தையல் பொதி படிக்கும் இரண்டு சோமாலியப் பெண்கள், சரித்திரம் வாசிக்கும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர். ஆளுக்கு ஒரு புத்தகமாவது உண்மையாகவே வாசித்தார்கள். எங்கள் வீட்டுக்காரரும் வந்தார். ஷிப்ட் முடிந்து நித்திரை இல்லாமல், தமிழ் அலுமாரியில் இருந்த சமையல் புத்தகம் ஒன்றை எடுத்து ஒன்றரை மணித்தியாலம் வாசித்தார். "என்னத்தைப் படிச்சனியள்?" என்று கேட்டேன். "மீன் குழம்புக்கு உப்பு எப்ப போடுறதெண்டு" என்றார்.

ஒரு மணிக்கு எல்லாரும் விட்டது விட்டபடி எழும்பினோம். ஐலீன் தாளோடு மேலே போனாள். கீழே ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. இறங்கி வந்து, "தொண்ணூற்று நாலு" என்றாள்.

122. 94. மனதிலேயே கூட்டினேன், தாள் வேண்டியிருக்கவில்லை. 216.

9 மார்ச், செவ்வாய்

கவுன்சில் மண்டபத்தில் மூன்று நிமிஷம் தந்தார்கள். பச்சைச் சேலை கட்டிப் போனேன். வத்சலா எழுதித் தந்த தாள் கையில் இருந்தது. பாதியில் அதை மடித்துவிட்டேன். புது எண்ணிக்கையையும், நாற்பத்தொரு புது அட்டைகளையும் சொன்னேன். பிறகு பழைய எண்ணிக்கை ஏன் பிழைத்தது என்று சொன்னேன்.

"எங்கள் வழக்கத்தில் விருந்தாளி சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போவாள். வேண்டாம் என்று சொன்னாலும் கழுவுவாள். நான் அப்படித்தான் செய்தேன், மற்றவர்களையும் செய்யவைத்தேன்."

குழுவில் சிலர் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு அல்ல. நடுவில் இருந்த பெரிய மனிதர் ஒருவர், "ஆனால் நீங்கள் அங்கே விருந்தாளி இல்லையே, அம்மா. உங்கள் வரியிலும்தான் அந்த நூலகம் நடக்கிறது" என்றார்.

"ஓம், ஐயா. இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருஷமாக எனக்கு அது தெரியாது. இப்போது தெரியும். அதனால்தான் கேட்க வந்திருக்கிறேன்" என்றேன்.

இருக்கையில் வந்து இருந்தேன். டெஸ்மண்ட் என் தோளில் தட்டினார். ஆங்கிலத்தில் பேசினேன், முழு மூன்று நிமிஷமும்! அந்த ஆங்கிலமும் அதே அறையில் படித்ததுதான். அதைச் சொல்ல மறந்துவிட்டேன், மடைச்சி.

23 மார்ச், செவ்வாய்

அறை மூடப்படாது. ஐலீன் கடிதத்தைப் படிக்கட்டிலேயே நின்று வாசித்தாள். செவ்வாய், வியாழன், சனி திறப்பு. தமிழ் அலுமாரி அதே இடத்தில். குலசேகரம் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான், நூலகத்துக்குள்! ஐலீன் அதட்டவில்லை.

புதன் மட்டும் போய்விட்டது. ஒக்டோபரில் எண்ணப்பட்டவர்கள் புதன்கிழமைக்காரர் மட்டும்தான். கடைசியில் இழந்ததும் அவர்கள்தான். சோமாலியப் பெண்களைத் தேடிப்போய்ச் செவ்வாய்க்கு வரச்சொன்னேன். ஒருத்தி வருவாள். மற்றவளுக்கு அன்று வேலை. முழுச் சந்தோஷம் என்று எழுத மனம் வரவில்லை. ஆனாலும் சந்தோஷம்தான். நிறையச் சந்தோஷம்.

14 யூன், திங்கள்

பரீட்சை. மண்டப வாசலில் ஒரு பெண் என்னைக் கண்டதும், "மேற்பார்வையாளர்கள் அந்தக் கதவால்" என்றாள். அனுமதிச் சீட்டைக் காட்டினேன். முகம் சிவந்துவிட்டது அவளுக்கு.

எனக்கு முன்னால் இருந்த பெட்டை சூயிங்கம் மென்றுகொண்டு பக்கம் பக்கமாகத் திருப்பினாள். நான் ஒவ்வொரு கேள்வியையும் மூன்று தரம் வாசித்தேன். சமன்பாடு சரியாக வந்தது. கடைசி இரண்டு கேள்விக்கு நேரம் போதவில்லை.

26 ஓகஸ்ட், வியாழன்

'டி'.

இவர் பரீட்சை முடிவுத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, பகிடி ஒன்றும் விடாமல் வைத்தார். அதிலிருந்துதான் விஷயம் பெரிதென்று எனக்கு உறைத்தது. ஒரு படி. ஒரேயொரு படி குறைவு. நேரம் இருந்திருந்தால், மெதுவாக வாசிக்காமல் இருந்திருந்தால்— சரி, விடு. அழுதேன். முகம் கழுவினேன். தலைமை ஆசிரியைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "பயிற்சி அடுத்த வருஷமும் நடக்கும், மிஸஸ் சபாரத்தினம்" என்றார். நடக்கட்டும்.

14 செப்டெம்பர் 1993, செவ்வாய்

மேல்மாடி. புது ஆட்கள் ஆறு பேர். பதினாலாம் வீட்டில் அன்று படிவம் எழுதாமல் விட்ட இரண்டு பேரில் ஒருவனும் வந்திருந்தான். குலசேகரம் முதல் மின்சாரச் சான்றிதழை எடுத்துவிட்டான், இப்போது அடுத்த பொதி. நாற்காலி போதாமல் கீழேயிருந்து மூன்று கொண்டுவந்தார்கள்.

ஆறு மணிக்கு டெஸ்மண்ட் எழும்பி, வருகிற யூன் கணிதப் பரீட்சைக்குப் பெயர் கொடுப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணவேண்டும், கை உயர்த்துங்கள் என்றார். புது ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

முதலில் உயர்ந்தது என் கைதான்.